‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்கள்

கேள்வி: கடலூர் முதுநகரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். ராத்திரியில் வரும் நாற்றம் தாங்க முடியாமல் போன மாதம் ஊர்க்காரர்கள் சேர்ந்து மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையம் எதிரில் ஆர்ப்பாட்டம் செய்தோம். எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பெயர், ஆதார் எண், போன் நம்பர் எழுதிக்கொண்டார்கள். ஒரு காவலர் ஒவ்வொருவர் முகத்தையும் செல்போனில் தனித்தனியாகப் படம் எடுத்தார். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆதாரில் இருக்கும் என் கைரேகையை வைத்து இனி எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடுவார்களா? அடுத்த முறை ரேகை கேட்டால் மறுக்கலாமா? ஆதாரைப் பூட்டிவிட்டால் போதும் என்கிறான் தம்பி. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க வழி இருக்கிறதா? வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஆதார் கைரேகையை நினைத்துத் தூக்கம் கெடுகிறீர்கள். அதைவிடப் பல மடங்கு யோசிக்க வேண்டியது மண்டபத்தில் அந்தக் காவலர் எடுத்த முகப்படம்.

காரணம் சொல்கிறேன். நம் ஊர் ஆர்ப்பாட்ட வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தால் ஒரு வழக்கம் தெரியும். முன்னால் நின்ற நான்கைந்து பேரின் பெயர் இருக்கும், அடுத்து ‘மற்றும் பலர்’ என்று முடியும். ஒரு சாதாரண மனிதர் பெயரில்லாமல் கூட்டத்தில் நிற்க முடிந்தது அந்த இரண்டு சொற்களுக்குள்தான். இதுவரை காவல்துறைக்கு அதைப் பெயர்களால் நிரப்ப ஆளும் நேரமும் போதாது. முக அடையாள மென்பொருள் அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. கூட்டத்தின் காணொளி ஒரு பக்கம், பெயரோடு சேர்த்து எடுத்த படம் மறுபக்கம் இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து வேறொரு ஊர்வலத்தில் நீங்கள் பின்வரிசையில் நின்றாலும் பெயர் வந்து உட்கார்ந்துவிடும்.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் தனக்கென முக அடையாள மென்பொருள் வைத்திருக்கிறது. ரோந்துக் காவலர் கைப்பேசியிலேயே அதைப் பயன்படுத்தலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியார் நுழைந்தார்கள்; நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் கைமாறியிருந்ததாகக் காவல்துறையே தெரிவித்தது. டெல்லிக் கலவரத்துக்குப் பின், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்களை மென்பொருளில் ஏற்றி 1,100க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா 2020 மார்ச்சில் மக்களவையில் சொன்னார். 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று டெல்லி காவல்துறை தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதில் தந்திருக்கிறது. ஏன் 80 என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. காவல்துறை முக அடையாள மென்பொருளை எப்படிப் பயன்படுத்தலாம், எவ்வளவு நாள் படத்தை வைத்திருக்கலாம் என்று சொல்லும் தனிச்சட்டமே இந்தியாவில் கிடையாது.

இனி ஆதார். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆவது பிரிவு, கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்கிறது. 33ஆவது பிரிவில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு. அதிலும் பெயர், முகவரி, எங்கெங்கே ஆதார் சரிபார்த்தீர்கள் என்ற பதிவுகள் போகலாம், ரேகை போகாது. உங்கள் தரப்பையும் கேட்ட பிறகே உத்தரவிட வேண்டும். மற்றது தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் மத்திய அரசுச் செயலாளர் மட்டத்து அதிகாரி இடும் உத்தரவு. இதுதான் எனக்கு உறுத்தலான வாசல். நீதிபதி பார்க்காமல் திறக்கக்கூடியது, திறந்தது உங்களுக்குத் தெரியவும் வராது. கோவா வழக்கு ஒன்றில் சி.பி.ஐ. ஆதார் ரேகைகளைக் கேட்டபோது, சம்பந்தப்பட்டவரின் எழுத்துபூர்வ சம்மதமின்றித் தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தடுத்தது. உள்ளூர் நிலையத்தில் ஒரு கணினித் தட்டலில் உங்கள் ஆதார் ரேகையைத் தேடும் வசதி இல்லை.

தம்பி சொல்லும் பூட்டு நல்லதுதான், போட்டுவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியில் ‘பயோமெட்ரிக் லாக்’ என்றே இருக்கும். உங்கள் ரேகையை நகலெடுத்து வங்கிப் பணம் எடுக்கும் மோசடியைத் தடுக்கத்தான் அது உதவும். பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. வரிசையில் நிற்கும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். காவல்துறை உங்கள் விரலைப் பிடித்துப் புதிதாக எடுக்கும் ரேகைக்கும் இந்தப் பூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதே செயலியில் சரிபார்ப்பு வரலாறு என்ற பகுதி இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கே பயன்பட்டது என்று 50 பதிவுகள் வரை காட்டும். மாதம் ஒரு முறை பாருங்கள். நீங்கள் போகாத இடம் தெரிந்தால் 1947 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அடுத்தது, மறுக்கலாமா என்ற கேள்வி. இதில்தான் உங்கள் கையில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது.

கைதானவரிடம் அளவீடுகள் எடுக்கும் அதிகாரம் 2022ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சட்டத்தின் மொழியில் அளவீடு என்றால் விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், புகைப்படம், கருவிழி, விழித்திரை, உடல் மாதிரி, கையொப்பம், கையெழுத்து நடை வரை எல்லாமே. எடுத்ததை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கலாம். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேகைகள் நாஃபிஸ் என்ற தேசியத் தளத்தில் ஏறும். ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் உண்டு.

ஆனால் இதே சட்டத்தின் கீழ் 2022இல் வந்த விதிகளில் 3ஆவது விதி உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. தடை உத்தரவை மீறியதாக மட்டும் குற்றம் சாட்டப்பட்டவர், அல்லது முன்னெச்சரிக்கையாகக் கைதானவர், இவர்களிடம் வேறு குற்றத்துக்காகக் கைதோ குற்றச்சாட்டோ இல்லாதவரை அளவீடு எடுக்கக்கூடாது. விதியில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, 145, 151 என்ற பிரிவு எண்கள் இருக்கும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 163, 164, 170. காலையில் பிடித்து மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவது பெரும்பாலும் முன்னெச்சரிக்கைக் கைதுக்கான இந்த 170தான். அப்படியானால் முகத்துக்கு நேரே எடுத்த அந்தப் படத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ரேகை கேட்டிருந்தாலும் அப்படியே.

சிக்கல் எங்கே வரும் என்றால், வீட்டுக்கு அனுப்பிய பிறகு வழக்கு எழுதும்போது. சட்டவிரோதக் கூட்டம் என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 189(2), வழிமறித்தல் என்று 126(2), உத்தரவை மீறியது என்று 223 ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் ‘வேறு குற்றம்’ இருக்கிறது என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். 223க்கு மட்டும் ஒரு பதில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அதன் முன்னோடியான 188இல் காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாது, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அமைதியாகக் கூடியதையே சட்டவிரோதக் கூட்டமாக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. உங்கள் வழக்கறிஞர் இதை முதலிலேயே எடுக்க வேண்டும்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், தேதி கொடுத்துத் தேடலாம். ஆர்ப்பாட்டத் தேதியோடு நிற்காமல் அடுத்த சில நாட்களையும் பாருங்கள். வழக்கே இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு மனு அனுப்புங்கள். சுருக்கமாக இப்படி இருக்கட்டும்: ‘இந்தத் தேதியில், இந்த மண்டபத்தில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வைக்கப்பட்டேன். என் மீது வழக்கு எதுவும் பதியப்படவில்லை. என் புகைப்படம் எடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு விதிகளின் 3ஆவது விதிப்படி அது எடுக்கப்பட்டிருக்கக்கூடாது. அதை எந்தத் தரவுத்தளத்திலும் ஏற்றவில்லை என்பதையும், ஏற்றியிருந்தால் அழித்ததையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். தேதியும் நேரமும் மண்டபப் பெயரும் துல்லியமாக இருந்தால் அதுவே பின்னால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் ஆவணம். ஒருவர் மட்டும் அனுப்பினால் குறி வைக்கப்படுவோமோ என்று தயக்கம் வரும். அன்று மண்டபத்தில் இருந்த 20 பேர் ஒரே வாசகத்தில் தனித்தனியாக அனுப்புங்கள்.

வழக்கு இருந்தால் வேறு கணக்கு. 189(2), 126(2), 223 எல்லாம் ஓராண்டுக்கு மேல் தண்டனை இல்லாத பிரிவுகள். இவற்றுக்கு ஒரு வருடக் காலவரம்பு உண்டு; முதல் தகவல் அறிக்கை பதிந்த தேதியையோ நீதிமன்றத்தில் புகார் தந்த தேதியையோ வைத்தே அது கணக்கிடப்படும். ஆகவே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, விடுதலை ஆனாலோ, மேல்முறையீட்டு வழிகள் முடிந்தபின் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று 2022 சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவு அழிந்ததா என்று நீங்கள்தான் துரத்த வேண்டும். மாநிலம் நியமித்த தொடர்பு அதிகாரிக்கு மனு போக வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்காமல் நீதிமன்றத்தை விட்டு வராதீர்கள். அது இல்லாமல் இந்த மனு நகராது.

அடுத்த முறை மண்டபத்தில் ரேகைக் கருவியையோ கைப்பேசியையோ நீட்டினால் கையைத் தட்டிவிடாதீர்கள், முகத்தை மூடிக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். சட்டப்படி எடுக்கக்கூடிய இடத்தில் தடுத்தால் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆவது பிரிவில் தனிக் குற்றம்: 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். வாயால் கேளுங்கள், பக்கத்தில் நான்கு பேர் காதில் விழும்படி: ‘ஐயா, எந்தப் பிரிவில் கைது? வழக்கு எண் என்ன? 170 என்றால் 3ஆவது விதிப்படி அளவீடு எடுக்கக்கூடாதே?’ பதில் சொன்னவரின் பெயர், பதவி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்தில் காவல் அதிகாரி என்றால் தலைமைக் காவலருக்குக் குறையாதவர். ஆகவே பதவி முக்கியம். வற்புறுத்தினால் ‘ஆட்சேபத்துடன் தருகிறேன்’ என்று சொல்லி, முடிந்தால் எழுதியும் கொடுத்துவிட்டு விடுங்கள். ரத்தம், எச்சில் போன்ற மாதிரிகள் வேறு விஷயம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் அல்லது 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் இல்லையென்றால் கைதானவர் அவற்றைத் தர வேண்டிய கட்டாயமில்லை. கைதுக் காரணத்தைச் சொல்வதும் வீட்டாருக்குத் தகவல் தருவதும் அவர்கள் கடமை. சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்ய நீதித்துறை நடுவரின் முன்அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும்.

ஆதார் எண் எழுதச் சொன்னார்கள் அல்லவா? பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். ஆதார் எண் தர வேண்டும் என்று 170இல் இல்லை. அட்டைதான் வேண்டும் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் காட்டலாம்.

கைப்பேசி பற்றி ஒரு விஷயம். விரல் ரேகை கொடுப்பது தனக்குத் தானே சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது. மனதில் இருப்பதைக் கட்டாயப்படுத்தி வாங்குவது வேறு என்பது 2010 செல்வி வழக்கு. ஆகவே கூட்டத்துக்குப் போகும் நாளில் ரேகைத் திறப்பையும் முகத் திறப்பையும் நிறுத்திவிட்டு 6 இலக்கத்துக்குக் குறையாத எண்ணை மட்டும் வையுங்கள். கடைசி நேரத்தில் மறந்துபோனால் போனை அணைத்துவிடுங்கள். மீண்டும் எழுப்பும்போது எண்தான் கேட்கும்.

முகக்கவசம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், அதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. கொரோனா காலத்துக்குப் பிறகு வந்த மென்பொருள்கள் கண்ணையும் நெற்றியையும் வைத்தே பொருத்தக் கற்றுக்கொண்டன. அதைவிடப் பெரிய ஓட்டை நம் ஆட்களே போடும் நேரலை. கூட்டத்தை முன்னாலிருந்து எடுத்து முகநூலில் ஏற்றினால் காவல்துறைக்குத் தனியாகக் கேமரா தேவையில்லை. பின்னாலிருந்து எடுங்கள், பதாகை தெரியட்டும். முகம் விழுந்தால் மங்கலாக்காமல் கறுப்புக் கட்டம் போட்டு, அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அந்தப் படத்தை மட்டும் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கூடவே போகும்.

ஒரு தனி மனிதருக்கு இது என்ன செய்யும் என்பதற்கு மாஸ்கோ வழக்கு ஒன்று. 2019இல் நிகோலாய் குளுகின் என்பவர் எதிர்ப்பைக் காட்ட மெட்ரோ ரயிலில் ஆள் உயர அட்டைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு அமைதியாகப் பயணம் செய்தார். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இணையத்தில் வந்த படத்தை வைத்து அடையாளம் கண்டு, சில நாளில் மெட்ரோவிலேயே பிடித்தார்கள். அது தனிவாழ்வுரிமையையும் கருத்துரிமையையும் மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர நான்கு ஆண்டு ஆனது. அந்த நான்கு ஆண்டில் எத்தனை பேர் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நமக்கு இந்த அனுபவம் இன்னும் பழையது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்தில் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். இப்போதைய 2022 சட்டம் நீக்கியது அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டத்தைத்தான். உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே, காளிதாசன், ஷெல்லிதாசன் என்று புனைபெயர்களில் எழுதிய பாரதி புதுவையில் இருந்தவரை பிரிட்டிஷ் போலீஸ் வேவுதான் பார்க்க முடிந்தது. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். இன்று முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியில் சுதேசி மில் அருகே போய்க் கோஷம் போட்டாலும் நாஃபிஸ் ஒன்றேதான். மனு கொடுக்க வேண்டிய அதிகாரிதான் மாறுவார்.

வேலை பற்றி: உங்கள் ஒப்பந்தக்காரரின் வருகைப்பதிவுக் கருவியில் உள்ள ரேகை அவரிடம் இருக்கிறது. அது காவல்துறைக்குத் தானாகப் போவதில்லை. ஆனால் ஆர்ப்பாட்ட நாளில் நீங்கள் வராதது அதில் பதிந்திருக்கும். அடுத்த முறை காரணம் எழுதாத தற்செயல் விடுப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

பெயர் சொல்லாமல் புகார் கொடுப்பதில் ஒரு நிதர்சனம் உண்டு. பெயரற்ற கடிதத்தைக் கோப்பில் போடாமலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் பெயரை மறைத்து, ஊரின் பெயரை முன்னால் வையுங்கள். பதிவு செய்த சங்கமோ ஊராட்சியோ அனுப்பும் மனுவுக்குப் பதில் தந்தாக வேண்டும். கிராமசபைத் தீர்மானம் இன்னும் பலம். வாசகத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நோட்டில் நாற்றம் வந்த தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வாடை (அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா, சுண்ணாம்பா), எத்தனை நிமிடம் என்று மூன்று நான்கு வீட்டார் தனித்தனியாக எழுதி வையுங்கள். இரண்டு மாதக் குறிப்பு ஆயிரம் கையெழுத்துக்குச் சமம். அதைத் தட்டச்சு செய்து, சங்கத்தின் பெயரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்; மூலநோட்டு வீட்டில் இருக்கட்டும், கையெழுத்து நடையும் இப்போது அளவீடுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும் என்றால் பெயர் தேவை, வீட்டு முகவரி தேவையில்லை. தபால் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் ஒரு வழக்கில் சொன்னது. மத்திய அரசும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. முதுநகரில் தபால் பெட்டி எடுக்க விருப்பமில்லை என்றால் வேறு ஊரில் எடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்தத் தேதியில் அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேரிடம் அளவீடு எடுக்கப்பட்டது, எந்தப் பிரிவின் கீழ்? எத்தனை பதிவு மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது? ஆட்களின் பெயரைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அங்கிருந்து உயர் நீதிமன்ற மனு எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கலாம்.